கோடை விடுமுறையும் குடும்ப விளையாட்டும்



ஆண்டுப் பரீட்சை முடிந்துவிட்டது. புத்தகப் பை சுவர் ஆணியில் தொங்குகிறது. பத்து மாதமாகக் காலையில் பிள்ளைகளை அவசர அவசரமாகக் கிளப்பி அனுப்பிய தாய்மார்கள் இப்போது வேறொரு கவலையில் இருக்கிறார்கள். “இந்தப் பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டு நாள் முழுவதும் என்ன செய்வது?” என்பதே அக்கவலை. பிள்ளைகளோ முதல் மூன்று நாள் துள்ளிக் குதிக்கிறார்கள். நாலாம் நாள் “போரடிக்கிறது” என்று மூலையில் உட்காருகிறார்கள். ஐந்தாம் நாள் கைப்பேசியைக் கையில் எடுத்தவர்கள், அப்புறம் அதைக் கீழே வைப்பதில்லை.

வசதியுள்ள குடும்பங்கள் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் போகின்றன. போகட்டும், அதில் குற்றமில்லை. ஆனால் நம் பங்கில் பெரும்பாலோர் அன்றாடம் உழைத்துப் பிழைப்பவர்கள். அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் கேட்கத்தான் செய்கிறார்கள்: “அடுத்த வீட்டுப் பிள்ளைகள் மலைக்குப் போகிறார்கள், நாம் எங்கே போகிறோம்?” இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் வட்டிக்கு வாங்கி உல்லாசப் பயணம் போய், ஜூன் மாதத்தில் பள்ளிச் செலவுக்குக் கையைப் பிசையும் தகப்பன்மார் உண்டு. பதில் சொல்ல முடியாத வருத்தத்தில் பிள்ளைமேல் எரிந்து விழுகிறவர்களும் உண்டு. இரண்டும் வேண்டாம். காசு அதிகம் செலவில்லாமல், வீட்டு முற்றத்திலும் திண்ணையிலும் மொட்டை மாடியிலும் இந்த ஐம்பது நாளையும் குதூகலமாகவும் பயனுள்ளதாகவும் கழிக்கும் வழிகளை இவ்வாரப் பாடத்தில் பார்ப்போம்.

1. விளையாட்டு வீண் பொழுதா?

விளையாட்டு என்றாலே வீண் என்று எண்ணுகிற பெற்றோர் சிலர் உண்டு. விடுமுறையிலும் காலை முதல் மாலை வரை அடுத்த வகுப்புப் பாடத்தைப் படிக்கச் சொல்லிப் பிள்ளையை நெருக்குகிறார்கள். வேதாகமம் அப்படிப் பேசவில்லை. சக்கரியாஸ் தீர்க்கதரிசி ஜெருசலேம் நகரின் பாக்கியமான காலத்தை வருணிக்கும்போது, அதன் வீதிகள் விளையாடும் சிறுவர் சிறுமியரால் நிறைந்திருக்கும் என்கிறார். நமது ஆண்டவர் தமது போதனையில், சந்தைவெளியிலே குழல் ஊதியும் ஒப்பாரி வைத்தும் விளையாடும் பிள்ளைகளை உவமையாக எடுத்துக்கொண்டார். தெருப்பிள்ளைகளின் விளையாட்டை அவர் நின்று கவனித்திருக்கிறார் என்று இதிலிருந்து விளங்குகிறதல்லவா?

அர்ச். ஜான் போஸ்கோவின் வரலாற்றையும் பாருங்கள். 1815-ஆம் ஆண்டு இத்தாலி தேசத்தில் ஓர் ஏழைக் குடியானவன் மகனாகப் பிறந்தார். இரண்டு வயதில் தகப்பனை இழந்தார். தாயார் மார்கரீத்தா அம்மாள் வறுமையில் பிள்ளைகளை வளர்த்தார். இந்தச் சிறுவர் சந்தைகளில் கழைக்கூத்தாடிகள் செய்யும் வித்தைகளை உற்றுப் பார்த்து, தாமே பழகி, கயிற்றின் மேல் நடந்தும் ஜாலம் காட்டியும் ஊர்ப் பிள்ளைகளை ஒன்றுகூட்டினார். ஆட்டத்தின் இடையே ஜெபமாலை சொல்லவும், கோவிலில் கேட்ட பிரசங்கத்தைத் திருப்பிச் சொல்லவும் அவர் தவறியதில்லை. பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான அனாதைப் பிள்ளைகளை வளர்த்தபோதும் விளையாட்டுத் திடலைப் பள்ளிக்கூடத்துக்குச் சமமாக வைத்தார். அவருடைய சபையார் 1906-ஆம் ஆண்டு முதன்முதலில் இந்தியாவில் பணி தொடங்கியது நமது தஞ்சாவூரில்தான். பிள்ளைகளோடு விளையாடுவதற்குப் பணம் அவசியமில்லை என்பதற்கு அந்த ஏழை விதவையின் மகனைவிட நல்ல சாட்சி யாரும் வேண்டியதில்லை.

சரீர நலத்துக்கும் விளையாட்டு வேண்டும். 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாள்தோறும் ஒரு மணி நேரமாவது நன்றாக ஓடியாடி உழைக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் ஆலோசனை. அதே ஸ்தாபனம் 2019-ஆம் ஆண்டு சின்னஞ்சிறுவர்களைப் பற்றிச் சொன்னதையும் தாய்மார்கள் மனதில் வைக்கவேண்டும்: ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரை அறவே கூடாது, 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. சோறு ஊட்டுவதற்காகக் கைப்பேசியைக் குழந்தையின் முன் வைக்கும் வழக்கம் எத்தனை வீடுகளில் இருக்கிறது என்பதை அவரவரே எண்ணிப் பார்க்கட்டும்.

2. நாளுக்கு ஓர் ஒழுங்கு

விடுமுறை என்பது ஒழுங்கில்லாமை அன்று. காலை பத்து மணிவரை உறங்கும் பிள்ளை இரவில் உறங்காது. இரவில் உறங்காத பிள்ளை கைப்பேசியைத் தேடும். ஆகவே நாளை நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறுமுன் வெளிவேலையும் செடி வேலையும். பகல் 11 மணி முதல் 3 மணிவரை வீட்டுக்குள் ஆட்டமும் கைவேலையும். மாலை வெயில் தாழ்ந்தபின் ஓட்டமும் சாட்டமும். இரவில் கதையும் ஜெபமும். இந்த ஒழுங்கைப் பழைய நோட்டுத் தாளில் பிள்ளைகள் கையாலேயே எழுதி வாசற்கதவின் உட்புறம் ஒட்டச் செய்யுங்கள். தான் எழுதியதைப் பிள்ளை தானே காக்கும்.

வீட்டு வேலையையும் பங்கிட வேண்டும். இங்கே ஒரு வார்த்தை. பல வீடுகளில் விடுமுறை என்பது பையனுக்கு விளையாட்டு, பெண்பிள்ளைக்குப் பாத்திரம் துலக்குவது என்று ஆகிவிடுகிறது. இது நீதியன்று. தண்ணீர் எடுப்பது, கூட்டுவது, துணி மடிப்பது, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது ஆகிய எல்லாவற்றையும் ஆணும் பெண்ணும் முறைவைத்துச் செய்யட்டும். மாலை விளையாட்டு நேரம் வந்தால் பெண்பிள்ளையும் வேலையை வைத்துவிட்டுத் தெருவுக்கு வரட்டும்.

3. காலை வேளை: ஒரு தொட்டிக் கீரை

உடைந்த வாளி, பழைய எண்ணெய் டின், சிமெண்டுச் சாக்கு, இவற்றில் எது இருந்தாலும் போதும். அடியில் இரண்டு துளையிட்டு மண்ணும் மக்கிய சாணமும் கலந்து நிரப்பி, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று என்று கொடுங்கள். அஞ்சறைப் பெட்டி வெந்தயத்தை ஓர் இரவு ஊறவைத்து விதைத்தால் இரண்டு மூன்று நாளில் முளை காட்டும். பொறுமையில்லாத சிறு குழந்தைக்கு இதுவே ஏற்றது. மூத்தவர்கள் சிறுகீரை விதைக்கலாம். ஏறக்குறைய 25 முதல் 30 நாளில் பறிக்க வந்துவிடும். அதாவது ஏப்ரல் கடைசியில் விதைத்தால் பள்ளி திறக்குமுன் அந்தப் பிள்ளை வளர்த்த கீரை குடும்பத்தின் இலையில் விழும். காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பது அதன் பொறுப்பு. ஒரு நாள் மறந்தால் செடி வாடும். வாடிய செடி சொல்லும் புத்தி நாம் சொல்லும் புத்தியைவிட நன்றாக ஏறும்.

அதோடு நிழலான இடத்தில் ஒரு மண் சட்டியில் பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கச் சொல்லுங்கள். காகம், மைனா, அணில், புறா என்று வருவதை எல்லாம் நேரத்தோடு குறித்து வைக்கட்டும். தினமும் சட்டியைக் கழுவி நீரை மாற்ற வேண்டும். இல்லையேல் கொசு முட்டையிடும்.

4. நண்பகல்: திண்ணை விளையாட்டுகள்

நம் முன்னோர் வெயில் நேரத்துக்கென்றே ஆட்டங்கள் வைத்திருந்தார்கள். அவற்றுக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை.

(அ) பல்லாங்குழி. மரப்பலகை இல்லாவிட்டால் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் ஏழேழாக இரண்டு வரிசை, மொத்தம் 14 வட்டம் போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்கு 5 புளியங்கொட்டை, ஆக 70. எதிரெதிரே இருவர் உட்கார்ந்து தத்தம் வரிசையில் ஒரு குழியை அள்ளி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகவேண்டும். கைக்காய் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடரவேண்டும். அடுத்த குழி காலியாயிருந்தால் அதைத் தடவி, அதற்கடுத்த குழியில் உள்ளதை வென்றெடுக்கலாம்; அத்தோடு எதிராளியின் முறை. ஆட்ட நடுவில் ஒரு குழியில் நாலு சேர்ந்தால் அது ‘பசு’, குழிக்குரியவர் எடுத்துக்கொள்வார். ஊருக்கு ஊர் விதி சற்று மாறும். உங்கள் வீட்டுப் பாட்டி சொல்லும் விதியே விதி. கணக்கு வராது என்று அழும் பிள்ளை இதில் கூட்டலும் கழித்தலும் தானாகவே பழகும்.

(ஆ) ஆடு புலி ஆட்டம். புலி மூன்று, ஆடு பதினைந்து. முக்கோணக் கோபுரம்போல் கோடு கிழித்து, கோடுகள் சந்திக்கும் 23 இடங்களில் காய்களை வைத்து ஆடுவது. புலிக்குப் புளியங்கொட்டையும் ஆட்டுக்குக் கூழாங்கல்லும் போதும். ஆட்டுக்கு அடுத்த இடம் காலியாயிருந்தால் புலி அதைத் தாண்டி வெட்டிவிடும். ஆட்டுக்குப் பின்னால் இன்னோர் ஆடு நின்றால் வெட்ட முடியாது. தனித்துப் போன ஆடு மாளும். சேர்ந்து நின்ற ஆடுகள் கடைசியில் மூன்று புலியையும் அசையவிடாமல் மடக்கும். தகப்பனும் மகனும் நாலு ஆட்டம் ஆடினால், ஒற்றுமையைப் பற்றி வேறு பிரசங்கம் வேண்டியதில்லை.

(இ) வீட்டுப் பரமபதம். கிழித்துப்போட்ட காலண்டர் அட்டையின் பின்புறம் நூறு கட்டம் போடச் சொல்லுங்கள். ஏணியும் பாம்பும் எங்கே வைப்பது என்பதைப் பிள்ளைகளே யோசிக்கட்டும். “கேட்காமலே தண்ணீர் எடுத்து வைத்தான்”, “தங்கைக்குப் பாதி கொடுத்தான்” என்பன ஏணி. “பொய் சொன்னான்”, “பாட்டியை எதிர்த்துப் பேசினாள்” என்பன பாம்பு. பெரியவர்களுக்கும் இடம் வைப்பார்கள். “அப்பா கோபத்தில் கத்தினார்” என்று ஒரு பாம்பு வந்தால் தகப்பனார் கோபிக்க வேண்டாம். சற்று நின்று யோசிக்கட்டும். தாயக்கட்டை இல்லையென்றால் நான்கு புளியங்கொட்டையை ஒரு பக்கம் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கிக் குலுக்கிப் போடலாம். நம் பாட்டிமார் அப்படித்தான் ஆடினார்கள்.

சிறு பெண்களுக்கு ஐந்து கூழாங்கல்லில் சொட்டாங்கல். இரண்டு தீப்பெட்டியும் ஒரு நீண்ட நூலும் இருந்தால் டெலிபோன். நூலை விறைப்பாகப் பிடித்துப் பேசினால்தான் கேட்கும், தளர்ந்தால் கேட்காது. ஏன் என்று அவர்களையே கேளுங்கள்.

5. வெயிலே ஆசிரியர்

கோடை வெயிலைக் குறைகூறியே நாளைக் கழிக்கிறோம். அந்த வெயிலைக் கொண்டே சில வேடிக்கைகள் காட்டலாம்.

முதலாவது, நிழலில்லா நாள். ஆண்டில் இரண்டு நாள் நண்பகலில் சூரியன் நேரே நம் உச்சிக்கு மேல் வருகிறது. அப்போது நட்டுவைத்த கம்பின் நிழல் அதன் காலடியிலேயே மறைந்துபோகும். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10, 11 தேதிகளையொட்டியும், மதுரையில் 16-ஆம் தேதியையொட்டியும், திருச்சியில் 18-ஆம் தேதியையொட்டியும், சென்னையில் 24, 25 தேதிகளையொட்டியும் இது நிகழும். ஆகஸ்டிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ மறுபடி ஒரு முறை வரும். நேரம் சரியாக 12 மணி அன்று. சென்னையில் 12 மணி 7 நிமிட அளவிலும் கன்னியாகுமரியில் 12 மணி 20 நிமிட அளவிலும் இருக்கும். ஒரு செம்பையோ கம்பையோ சமதரையில் நேராக நிறுத்தி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் நிழல் நுனியில் புள்ளி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நாள் கடந்துவிட்டதென்றாலும் பாதகமில்லை. எந்த நாளிலும் நிழல் குறுகிப் பின் நீளுவதைக் காணலாம். நிழலைத்தான் பார்க்கவேண்டும், சூரியனை ஏறிட்டுப் பார்ப்பது கண்ணுக்குக் கேடு.

இரண்டாவது, தட்டில் உப்பளம். ஒரு தம்ளர் தண்ணீரில் இரண்டு கரண்டி உப்பைக் கரைத்து, கரிய தட்டில் மெல்லிய அளவாக ஊற்றி வெயிலில் வையுங்கள். தண்ணீர் ஆவியாகிப்போக, உப்பு சிறு சிறு சதுரமாகப் பூத்து நிற்கும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் மரக்காணத்திலும் இதே வேலைதான் ஏக்கர் கணக்கில் நடக்கிறது. கண் கூசும் அந்த வெண்மையில், கொதிக்கும் வெயிலில் நின்று உப்பு வாரும் ஆண்களையும் பெண்களையும் பற்றிப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். இனிச் சோற்றில் உப்புப் போடும்போது அவர்களை நினைப்பார்கள்.

மூன்றாவது, மண்பானை. ஒரே அளவு தண்ணீரைப் பித்தளைச் செம்பிலும் மண்பானையிலும் ஊற்றிவைத்து, இரண்டு மணி நேரம் கழித்துக் கையால் தொட்டுப் பார்க்கட்டும். பானையின் நுண்ணிய துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஏழையின் குளிர்ப்பெட்டி இப்படித்தான் வேலை செய்கிறது.

நான்காவது, இருட்டறைப் படம். அறையின் கதவு ஜன்னல்களை மூடிக் கறுப்புத் துணியால் மறைத்து, வெயில் விழும் தெருப்பக்கம் ஒரு சிறு துளை மட்டும் விடுங்கள். எதிரே வெள்ளை வேட்டியைப் பிடித்தால் தெருவின் காட்சி தலைகீழாக அதில் தெரியும். காசில்லாத சினிமா இது.

6. அடுக்களைக் களிப்பு

வெயில் காலம் வடகம் போடும் காலம். ஜவ்வரிசிக் கூழில் உப்பும் சீரகமும் சேர்த்துக் காய்ச்சும் வேலை தாயாருடையது. ஆறியபின் மாடியில் விரித்த துணியில் கரண்டியால் வட்டமிடுவதும், காகம் வராமல் காவல் இருப்பதும் பிள்ளைகளுடையவை. வட்டம் கோணலாக வந்தால் குறை சொல்ல வேண்டாம். மழைக்காலத்தில் பொரிக்கும்போது “இது நான் போட்டது” என்று அதைத்தான் முதலில் எடுப்பார்கள். கருப்பட்டியில் எலுமிச்சையும் சுக்கும் ஏலமும் சேர்த்துப் பானகம் கரைக்கவும், மோரில் கறிவேப்பிலையும் பெருங்காயமும் இட்டு நீர்மோர் செய்யவும் எட்டு வயதுப் பிள்ளைக்குப் பழக்கலாம். முதல் தம்ளரைத் தெருவில் துப்புரவு செய்ய வருகிறவருக்கும் தபால்காரருக்கும் கொண்டுபோய்க் கொடுக்கப் பழக்கினால் அதுவே ஒரு ஞானோபதேச வகுப்பு.

7. மாலை வேளை: பனையின் கொடை

பம்பரம், கோலி, நொண்டி, கண்ணாமூச்சி ஆகியவை எல்லாரும் அறிந்தவை. கிட்டிப்புள் ஆடுகிறவர்கள் சிறு குழந்தைகளைத் தள்ளி நிறுத்தவேண்டும். புள் கண்ணில் பட்டால் ஆயுள் முழுவதும் துன்பம்.

நுங்குக் காலமாதலால் பனையை மறக்கக்கூடாது. நுங்கு உண்டபின் எறியும் கூந்தல் இரண்டை ஒரு குட்டைக் குச்சியின் இரு முனையிலும் செருகினால் சக்கரம். கவட்டைக் கம்பால் குச்சியைத் தள்ளிக்கொண்டு ஓடினால் வண்டி. ஓலைத் துண்டு இரண்டைக் குறுக்காக மடித்துக் கருவேல முள்ளால் குச்சியில் குத்தினால் காற்றாடி. ஓடும் வேகத்துக்குத் தக்கபடி சுற்றும். குருத்தோலை ஞாயிற்றில் சிலுவை முடையக் கற்ற விரல்கள் கிளியும் பந்தும் கிலுகிலுப்பையும் முடையக் கற்கலாம். பனை நமது மாநில மரம். ஆனால் ஓலை முடையத் தெரிந்த பெரியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகிறார்கள். உங்கள் தெருவில் அப்படி ஒரு தாத்தாவோ பாட்டியோ இருந்தால், இந்த விடுமுறையிலேயே பிள்ளைகளை அவரிடம் அனுப்புங்கள். கற்றுக்கொடுக்க ஆளில்லாமல் தனித்திருக்கும் அந்த முதியவருக்கும் அது பெரிய ஆறுதல்.

8. இரவு வேளை: கதையும் வானமும்

இரவு உணவுக்குப் பின் மாடியிலோ முற்றத்திலோ பாய் விரித்து விடுகதை போடுங்கள். பிறகு வானத்தைப் பாருங்கள். மே மாத நடுவில் இரவு 9 மணிக்கு வடக்கே ஏழு நட்சத்திரங்கள் கரண்டிபோல் நிற்கும்; அதுவே சப்தரிஷி மண்டலம். அதே வேளையில் தெற்கே திரும்பினால், தொடுவானத்துக்குச் சற்று மேலே நான்கு நட்சத்திரங்கள் சிறு சிலுவையாக நிற்கும். அதுவே தென்சிலுவை. சிலுவையின் நெடுமரத்தைக் கீழ்நோக்கி நீட்டினால் தென்திசை தெரியும். தென்கடல்களில் சென்ற மாலுமிகளுக்கு அது வழிகாட்டி. நம் வீட்டு மாடியிலிருந்தே காணக்கூடிய இதை நம்மில் பலர் ஒரு நாளும் அண்ணாந்து பார்த்ததில்லை.

இன்னொன்று: குடும்பச் சரித்திரம். பழைய நோட்டுகளில் எழுதாத தாள்களைக் கிழித்துத் தைத்து ஒரு புத்தகமாக்குங்கள். பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதட்டும்: பூட்டன் பெயர் என்ன? எந்த ஊரிலிருந்து வந்தோம்? பாட்டியின் கல்யாணத்துக்கு என்ன சமைத்தார்கள்? ஞானத்தகப்பன், ஞானத்தாய் யார்? முதலில் வாங்கிய கூலி எவ்வளவு? பஞ்சத்தையும் புயலையும் எப்படிக் கடந்தார்கள்? தாத்தா பாட்டி என்றும் நம்மோடு இருக்கமாட்டார்கள். கேட்காமல் விட்ட கதையைப் பின்பு யாரிடம் கேட்பது?

9. வேலைக்குப் போகும் பெற்றோருக்கு

“சுவாமி, நாங்கள் இருவரும் காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருகிறோம். பல்லாங்குழி ஆட நேரம் ஏது?” என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதற்கு வழி, குடும்பங்கள் ஒன்றையொன்று தாங்குவதே. ஒரே தெருவில் உள்ள நாலைந்து வீட்டார், அன்பியத்தில் பேசி, முறைவைத்துக்கொள்ளுங்கள். வேலையில்லாத நாளில் ஒரு வீட்டுத் தாய் எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளட்டும். முதியவர் ஒருவர் கூட இருக்கட்டும். மற்ற வீட்டார் அரிசியும் காயும் கொடுக்கட்டும். பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டிவிட்டுப் போவது எந்த நிலையிலும் வேண்டாம். தீ பிடித்தால் திறக்க ஆளில்லை.

பிள்ளைகள் சும்மா இருக்கிறார்களே என்று பட்டறைக்கும் கடைக்கும் கூலிக்கு அனுப்பவும் வேண்டாம். 14 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைப்பதை 2016-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் தடுக்கிறது. சட்டத்துக்கு மேலாக, ஒரு முறை கைக்காசைப் பார்த்த பிள்ளை ஜூன் மாதம் பள்ளிக்குத் திரும்புமா என்பது பெரிய சந்தேகம்.

தகப்பன்மாருக்கு ஒரு விண்ணப்பம். நாளுக்கு அரைமணி நேரம் போதும். அந்த அரைமணி, குடிக்காத வாயோடும், கைப்பேசி இல்லாத கையோடும் பிள்ளையோடு தரையில் உட்காருங்கள். பிள்ளைக்கு உதகை வேண்டியதில்லை; தன்னோடு தோற்றுச் சிரிக்கும் தகப்பன் வேண்டும். வீட்டில் கிடைக்காத அந்தச் சிரிப்பைத் தேடித்தான் வாலிபப் பிள்ளைகள் தகாத கூட்டத்தில் சேருகிறார்கள்.

10. சில எச்சரிக்கைகள்

தண்ணீர். கோடை விடுமுறையில் கிணற்றிலும் குளத்திலும் கல்குவாரிக் குட்டையிலும் கடலிலும் பிள்ளைகளைப் பறிகொடுக்கும் செய்தி ஆண்டுதோறும் வருகிறது. நீந்தத் தெரிந்த பெரியவர் கூட இல்லாமல் ஒரு பிள்ளையும் நீரில் இறங்கக்கூடாது. மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கூச்சலிடாது, சத்தமில்லாமலே அமிழ்ந்துவிடும். ஒருவன் மூழ்கினால் மற்றவர்கள் கைகோத்து இறங்காமல், கயிறு, சேலை, நீண்ட கம்பு, மூடிய காலி கேன் இவற்றில் ஒன்றை எறிந்து, பெரியவர்களைக் கூவியழைக்க வேண்டும். இதை இன்றிரவே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்; திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

வெயில். தலைசுற்றல், வாந்தி கண்டால் நிழலுக்குக் கொண்டுவந்து ஈரத்துணியால் துடைத்து விடுங்கள். பேதியால் சோர்ந்த பிள்ளைக்கு, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். நினைவு தடுமாறினால் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், 108-ஐ அழைக்கலாம்.

பட்டம். சாதாரண நூலில் விடட்டும். கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூல் வழிப்போக்கரின் கழுத்தை அறுத்திருக்கிறது. அதை வீட்டுக்குள் சேர்க்கவே கூடாது.

குடும்பத்தில் கலந்து பேசச் சில கேள்விகள்

1. சென்ற வாரம் நம் வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்த வேளை எது?
2. நம் பிள்ளைகள் நாளுக்கு எத்தனை மணி நேரம் திரையைப் பார்க்கிறார்கள்? பெரியவர்களாகிய நாம் எத்தனை மணி நேரம் பார்க்கிறோம்?
3. வீட்டு வேலையில் மகனுக்கும் மகளுக்கும் ஒரே அளவு பங்கு உண்டா?
4. நம் தெருவில் விளையாடத் துணையில்லாத பிள்ளை, பேச ஆளில்லாத முதியவர் யார்? நாம் எப்போது அவர்களை அழைக்கப் போகிறோம்?

இவ்வாரத் தீர்மானம்

வருகிற ஞாயிறுவரை, இரவு உணவுக்குப்பின் வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும் ஒரு கூடையில் போகட்டும். அரைமணி நேரம் குடும்பமாக ஓர் ஆட்டம் ஆடுங்கள். பிறகு குடும்ப ஜெபம். மே மாதம் தேவமாதாவின் வணக்க மாதமாகையால், விளையாடி முடித்த அதே பாயில் அமர்ந்து ஜெபமாலை சொல்வது எளிது. அடுத்த ஞாயிறு பூசைக்குப்பின், பிள்ளைகள் செய்த பரமபத அட்டைகளையும் ஓலைப் பொம்மைகளையும் கோவில் முற்றத்துக்குக் கொண்டுவரட்டும். பரிசு கிடையாது, எல்லோருக்கும் பானகம் உண்டு.